ரேஷன் அட்டைக்குப் போனும் தர வேண்டும்

ஒரு குடும்பம் ஏழைக் குடும்பம்தான் என்று அரசே விசாரித்து, அரசே முத்திரை குத்திக் கொடுத்த அட்டை முன்னுரிமை ரேஷன் அட்டை. அதைக் காட்டினால் அரிசி கிடைக்கிறது. உஜ்வலா திட்டத்தில் கேஸ் இணைப்பும் அந்த அட்டையை வைத்துத்தான் பலருக்கு வந்தது. அதே அட்டையைக் காட்டி, ஒரு சாதாரண செல்பேசியும் அதற்கு மாதாமாதம் ஒரு சிறிய ரீசார்ஜும் கேட்டால் என்ன தவறு? தவறே இல்லை என்பது எங்கள் முடிவு. கேட்கவிடாமல் வைத்திருப்பதுதான் தவறு. அந்தமான் நிக்கோபார் தீவுகளில் அது பெருந்தவறு.

தீவுகளில் உள்ள ஒரு நியாயவிலைக் கடையின் முன்னால் அரை நாள் நின்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எடைத்தராசுக்குப் பக்கத்தில் கைரேகை சரிபார்க்கும் பாஸ் மெஷின். அதன் கண்ணாடித் துண்டில் விரலை வைக்க வேண்டும். வலை இழுத்த விரல், தேங்காய் மட்டை உரித்த விரல், ரப்பர் பால் வெட்டிய விரல். ரேகை தேய்ந்திருக்கும். சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறார்கள். கட்டை விரல், ஆள்காட்டி விரல், பிறகு அடுத்த கை. மெஷின் ஏற்காவிட்டால் பதிவு செய்த செல்பேசி எண்ணுக்கு ஓடிபி வரும் என்பார்கள். அந்த எண் உயிரோடு இருந்தால்தானே வரும்?

எண் ஏன் செத்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2024 ஜூலை முதல் வாரத்தில் தனியார் செல்பேசி நிறுவனங்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கட்டணத்தை உயர்த்தின. 28 நாளுக்கான மிகக் குறைந்த திட்டம் ஏர்டெலில் 179 ரூபாயிலிருந்து 199 ஆனது. 28 நாள் என்பது மாதம் இல்லை. வருடத்துக்கு 13 முறை கட்ட வேண்டும். 2,587 ரூபாய். கூலி வரும் வாரத்தில் போடலாம், வராத வாரத்தில் விட்டுவிடலாம் என்று விட்ட எண், 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல், கணக்கில் 20 ரூபாய்கூட இல்லாமல் கிடந்தால் துண்டிக்கப்படலாம். பிறகு அது வேறு யாருக்கோ விற்கப்படும். ஒரு குடும்பத்தின் அரிசிக்கான ஓடிபி, முகம் தெரியாத இன்னொருவரின் சட்டைப் பையில் போய் மணியடிக்கும். ஆதாரில் புது எண்ணைச் சேர்க்க மையத்துக்குப் போக வேண்டும் என்றால், சிறு தீவில் இருப்பவருக்கு அதன் பொருள் கப்பல் டிக்கெட், ஒன்றிரண்டு நாள் கூலி, தங்க ஓர் இடம். அரிசி இலவசம்தான். அந்த அரிசியை வாங்க வேண்டிய ஓடிபி இலவசமில்லை.

உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013இல் வந்தது. முன்னுரிமைக் குடும்பத்தில் ஆளுக்கு மாதம் 5 கிலோ, அந்த்யோதயா குடும்பத்துக்கு 35 கிலோ. 2023 ஜனவரி முதல் அது முழுக்க இலவசம். 2024 ஜனவரியிலிருந்து மேலும் ஐந்து ஆண்டுகளுக்கு என்று அறிவித்திருக்கிறார்கள். நல்ல காரியம், பாராட்டுகிறோம். ஆனால் அதே ஆண்டுகளில்தான் அட்டையிலுள்ள ஒவ்வொருவரும் இ-கேஒய்சி என்ற ஆதார் சரிபார்ப்பை முடிக்க வேண்டும் என்ற உத்தரவும் வந்தது. கெடு வைப்பதும் கெடுவை நீட்டுவதுமாக நாட்கள் போயின. ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை என்று 2022 ஜூனில் அசாமும் சேர, 36 மாநிலங்களும் யூனியன் பிரதேசங்களும் ஒரே இணைப்புக்குள் வந்துவிட்டன. இணைப்புக்குள் நாடு வந்துவிட்டது, அட்டைதாரர் வந்தாரா என்று யாரும் கேட்கவில்லை. இந்த அலட்சியம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2017 செப்டம்பரிலேயே பார்த்தோம். ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். சோறு கேட்டுக்கொண்டே போனாள் என்றார் தாய். மாநில அரசு மலேரியா என்றது. ஆதாருடன் இணைக்கப்படாததால் அந்தக் குடும்பத்தின் ரேஷன் அட்டை அதற்கு முன்பே நீக்கப்பட்டிருந்தது.

தீவுகளுக்கு இணைப்பே இல்லை என்று இன்று சொல்ல முடியாது. செயற்கைக்கோளை மட்டும் நம்பி, ஒரு படம் இறங்க ஒரு பொழுது காத்திருந்த காலம் போய்விட்டது. 2018 டிசம்பர் 30 அன்று போர்ட் பிளேயரில் அடிக்கல் நாட்டி, 2020 ஆகஸ்ட் 10 அன்று பிரதமர் தொடங்கிவைத்த கடலடிக் கேபிள், சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் ஓடுகிறது. போர்ட் பிளேயர் (இன்று ஸ்ரீ விஜயபுரம்), ஸ்வராஜ் தீவு, லாங் ஐலண்ட், ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் ஆகிய எட்டு இடங்களில் அது கரையேறுகிறது. செலவு சுமார் 1,224 கோடி ரூபாய்.

அந்த எட்டில் கட்சால் இல்லை. தமிழ் வாசகர்கள் கட்சாலைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 1964இன் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட தமிழர்களில் ஒரு பகுதியினரை ரப்பர் தோட்ட வேலைக்கென்று குடியமர்த்திய தீவு அது. தேயிலைக் கொழுந்து கிள்ளிய கைகள் ரப்பர் பால் வெட்டப் பழகின. 2004 சுனாமியில் ஆயிரக்கணக்கான உயிர்களைப் பறிகொடுத்த தீவும் அதுதான். கேபிள் கரையேறிய கமோர்ட்டாவோ கட்சாலுக்கு அண்டைத் தீவு. 1,190 கிலோமீட்டர் தாண்டித் தலைநகருக்குக் கேபிள் வந்துவிட்டது. கடைசிச் சில மைல்களும், அதன் பிறகு வீட்டுக்குள் ஒரு கையகலக் கருவியும்தான் பாக்கி. 2011 கணக்கெடுப்பின்படி தீவு மக்களில் 15 சதவீதம் பேருக்குத் தாய்மொழி தமிழ். இது நம் வீட்டு விஷயமும்கூட.

அந்தக் கேபிளுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதில்தான் எங்கள் வாதமே இருக்கிறது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் திருத்தப்பட்ட மொத்த வருவாயில் 5 சதவீதத்தை, எட்டாத மக்களுக்குச் சேவை கொண்டுபோகவென்று தனியே கட்டுகின்றன. அதைக் கடைசியில் கட்டுவது வாடிக்கையாளர்கள்தான். 199 ரூபாய் போடும் தினக்கூலியும் கட்டுகிறார். அந்தப் பணம் சேரும் நிதி 2002இல் தொடங்கியது. கேபிளுக்குப் பணம் தந்தது அதுதான். 2023 தொலைத்தொடர்புச் சட்டம் அதற்கு டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர் மாற்றியது. 2024இல் வந்த அதன் விதிகள், பெண்கள், மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்திலும் சமூகத்திலும் நலிந்த பிரிவினர் ஆகியோருக்கென்றே தனித் திட்டங்களுக்கு இந்த நிதியைச் செலவிடலாம் என்று எழுதிவைத்திருக்கின்றன. ஆகவே சட்டம் குறுக்கே நிற்கவில்லை. பணம் இருக்கிறது, விதி இருக்கிறது, யார் ஏழை என்று சொல்லும் பட்டியலும் உணவுத் துறையிடம் தயாராக இருக்கிறது. இரண்டு துறைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான் குறை.

பார்த்துக்கொண்ட நாடு ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1985 முதல் லைஃப்லைன் என்ற திட்டம் நடக்கிறது. உணவு உதவி பெறும் குடும்பம், அந்த ஒரு சான்றை மட்டும் காட்டி, மாதத் தொலைபேசி, இணையக் கட்டணத்தில் 9.25 டாலர் வரை தள்ளுபடி பெறலாம். வருமானத்தை மறுபடி நிரூபிக்க வேண்டாம். ஒரு வீட்டுக்கு ஓர் இணைப்பு. கொரோனா காலத்தை ஒட்டி இதற்கு மேலே இன்னொரு திட்டமும் வந்தது: மாதம் 30 டாலர் வரை இணையக் கட்டண உதவி, கணினியோ டேப்லெட்டோ வாங்க 100 டாலர் வரை. 2 கோடியே 30 லட்சம் வீடுகள் சேர்ந்தன. ஒதுக்கிய பணம் தீர்ந்ததும் 2024 ஜூனில் அது நின்றுபோனது. பழைய திட்டமோ நிலையான நிதியில் நிற்பதால் இன்னும் நடக்கிறது.

மோசடி நடக்கும் என்பார்கள். அமெரிக்காவிலும் நடந்தது, மறைக்க வேண்டாம். இறந்தவர் பெயரில், ஒரே ஆளின் பெயரில் இரண்டு மூன்று முறை இணைப்பு கொடுத்ததாக வழக்குகள் உண்டு. 2024இல் ஒரு செல்பேசி நிறுவனமும் அதன் தலைவரும் இந்தத் திட்டத்தில் 10 கோடி டாலருக்கு மேல் ஏமாற்றியதை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டனர். பெருந்தொகையைச் சுருட்டியது யார் என்று கவனியுங்கள். உணவு அட்டையோடு வரிசையில் நின்ற தாய் இல்லை. ஆள் சேர்த்தால் காசு என்று இருந்த இடத்தில் இல்லாத ஆளைக் காட்டிக் காசு பார்த்த வியாபாரிதான். இங்கும் திட்டம் வந்தால், சிம் வாங்க வந்தவரிடம் இரண்டாவது முறை விரல் வைக்கச் சொல்லி வேறொரு சிம் எடுத்துக்கொள்ளும் ஏஜென்டுகள் வருவார்கள். அவர்களைச் சிறைக்கு அனுப்புங்கள். மாடி வீடும் காரும் வைத்துக்கொண்டு முன்னுரிமை அட்டையையும் வைத்திருப்பவர் இன்றே இருக்கிறார். அவர் செய்வது திருட்டு. அரிசியில் திருடியவர் போனிலும் திருடுவார். அதற்குப் பட்டியலைத் திருத்த வேண்டும். பட்டியலில் நியாயமாக இருப்பவரைத் தண்டிப்பது நீதியாகாது.

இந்தியாவில் முயற்சியே நடக்கவில்லை என்றும் இல்லை. 2012இல் வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களுக்கு மத்திய அரசு செல்பேசி தரப்போகிறது என்று பேச்சு அடிபட்டது, அதோடு போயிற்று. சத்தீஸ்கரில் 2018இல் தேர்தலுக்கு முன்பு போன் கொடுத்தார்கள், ஆட்சி மாறியது, திட்டம் நின்றது. ராஜஸ்தானில் 2023 ஆகஸ்டில் குடும்பத் தலைவிகளுக்கு ஸ்மார்ட்போன் தரத் தொடங்கினார்கள். ஒரு குடும்பத்துக்கு 6,800 ரூபாய், மூன்று வருட டேட்டா, முதற்கட்டமாக 40 லட்சம் பெண்கள் என்றார்கள். அந்த ஆண்டு இறுதியில் அங்கும் ஆட்சி மாறியது, அங்கும் நின்றது. கொடுத்ததில் தவறில்லை, பெண் பெயரில் கொடுத்தது மிகச் சரி. தேர்தல் ஆண்டுக்கு என்று காத்திருந்து கொடுத்தது தவறு. முந்தைய ஆட்சியின் திட்டம் என்பதாலேயே பாதியில் கைவிட்டதும் அதே அளவு தவறு.

தமிழ்நாட்டில் 2006இல் குடும்ப அட்டைக்கு வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தபோதும், 2011இல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தபோதும் எழுந்த ஏளனத்தை மறந்திருக்க மாட்டோம். ஏழைக்கு எதற்கு டிவி என்றார்கள். இன்று அதே குரல், போனைக் கொடுத்தால் ரீல்ஸ் பார்த்துக் கெட்டுப்போவார்கள் என்கிறது. மத்தியதர வீட்டில் ஆளுக்கொரு போனில் பார்க்காத ரீல்ஸா? கடலுக்குப் போனவன் திரும்பி வந்தானா என்று கேட்க, புயல் எச்சரிக்கை அறிய, மெயின்லேண்டில் படிக்கும் மகளோடு பேச, கப்பல் டிக்கெட் எடுக்க, பிரசவ வலி கண்டவளுக்கு ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டிய கருவியை, ஏழை என்ற ஒரே காரணத்துக்காக ஆடம்பரம் என்று தள்ளுவது ஆணவம். மிச்ச நேரத்தில் ஓர் ஏழைப் பெண் ஒரு பாட்டுக் கேட்டால் அதற்கும் அவளுக்கு உரிமை உண்டு.

கணக்கையும் பார்த்துவிடலாம். தீவுகளில் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவோர் ஏறத்தாழ 60,000 பேர். வீட்டுக்கு நால்வர் என்று வைத்தால் 15,000 வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எண், சந்தை விலையிலேயே வருடத்துக்கு 2,587 ரூபாய் என்றாலும் நான்கு கோடிக்குள் அடங்கிவிடும். ராஜஸ்தான் கொடுத்த விலையில் கருவியும் சேர்த்தால் ஒரு முறைச் செலவு பத்துக் கோடியை ஒட்டி வரும். அரசு நிறுவனமான பிஎஸ்என்எல்லிடம் இந்த வேலையைக் கொடுத்தால் இன்னும் குறையும். 1,224 கோடிக்குக் கேபிள் போட்ட அதே நிதி, அந்தக் கேபிளின் பயன் கடைசி வீட்டுக்குப் போய்ச் சேர வருடம் நான்கு கோடி தர முடியாதா?

எப்படித் தர வேண்டும் என்பதிலும் எங்களுக்குக் கருத்துண்டு. அட்டை இருந்தால் போதும். வேறு சான்றிதழ் கேட்டு அலையவிடக் கூடாது. எண் குடும்பத் தலைவி பெயரில் இருக்க வேண்டும். ரீசார்ஜ் போடவில்லை என்று அந்த எண்ணைத் துண்டிக்கவோ வேறொருவருக்கு விற்கவோ கூடாது. ஜாரவா, சென்டினல் பழங்குடி மக்களின் பக்கம் இந்தத் திட்டத்தின் நிழல்கூடப் படக்கூடாது. அவர்களைத் தனியே விடுவதுதான் அவர்களுக்குச் செய்யும் நன்மை. எல்லாவற்றுக்கும் மேலாக, போன் இல்லை, ஓடிபி வரவில்லை, விரல் பதியவில்லை என்ற காரணத்துக்காக ஒரு கிலோ அரிசிகூட மறுக்கப்படக் கூடாது. பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தனுப்ப வேண்டும். போன் என்பது அரிசியோடு சேர்த்துத் தரும் உதவியாக இருக்க வேண்டும், அரிசிக்கு முன்னால் இன்னொரு பூட்டாக மாறிவிடக் கூடாது.

அந்தமான் நிக்கோபாருக்குச் சட்டமன்றம் கிடையாது. ஓட்டுக்காக இதை அறிவிக்க அங்கே ஒரு முதலமைச்சர் இல்லை, கேள்வி கேட்க எதிர்க்கட்சி வரிசையும் இல்லை. பொறுப்பு முழுவதும் துணைநிலை ஆளுநரின் நிர்வாகத்திடமும் டெல்லியிடமும் இருக்கிறது. டிஜிட்டல் பாரத் நிதிக்கு ஒரு முன்மொழிவு எழுத உணவுத் துறையின் பட்டியலும் ஒரு கணக்காளரும் போதும். அதை நிர்வாகம் இந்த நிதியாண்டுக்குள் அனுப்ப வேண்டும். மக்களவையில் தீவுகளுக்கு இருப்பது ஒரே ஓர் இடம். அந்த உறுப்பினர் இதைக் கேள்வியாக எழுப்ப வேண்டும். தமிழகத்தின் 39 உறுப்பினர்களும் அவரோடு எழுந்து நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.