90 நாள் மருத்துவர், 15 மாத சிப்பாய்

பாக்தாதின் பசுமை மண்டலத்துக்குள் இருந்த இப்னு சீனா மருத்துவமனையை 2003-இல் அமெரிக்க இராணுவம் எடுத்துக்கொண்டது. இராக் மருத்துவர்கள் சிலர் சேர்ந்து தொடங்கிய தனியார் மருத்துவமனை அது. பின்னர் சதாம் ஹுசைன் அரசு அதைப் பறித்துத் தன் குடும்பத்துக்கும் ஆட்களுக்குமாக வைத்துக்கொண்டது. அதற்கும் பின்னர்தான் அமெரிக்கர்கள் வந்தார்கள். 2009 அக்டோபரில் இராக் அரசிடம் திரும்ப ஒப்படைக்கும் வரை, அந்தப் போரின் மிகக் கோரமான காயங்கள் வந்து சேர்ந்த இடங்களில் அதுவும் ஒன்று.

அங்கே வேலை செய்த மருத்துவர்களும் ஊழியர்களும் எத்தனை நாள் அங்கே இருக்க வேண்டியிருந்தது என்ற கேள்வியை இங்கே எடுத்துக்கொள்கிறோம். நிர்வாக விவகாரம் போலத் தெரிந்தாலும், ஓர் அரசு யாருடைய நாட்களுக்கு எவ்வளவு மதிப்புப் போடுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் விஷயம் குறைவு. வீட்டில் ஒருவர் சபரில் இருக்கும் குடும்பங்களுக்கு நாள் எண்ணுவது என்றால் என்னவென்று நாம் சொல்லித் தர வேண்டியதில்லை.

2007 ஏப்ரலில் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ், இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் இருந்த முழுநேரத் தரைப்படையின் களப்பணிக் காலத்தை 12 மாதத்திலிருந்து 15 மாதமாக நீட்டினார். 2008 ஆகஸ்டுக்குப் பிறகு புறப்பட்டவர்களுக்கு அது மீண்டும் 12 ஆனது. 2012 முதல் 9 ஆனது. கடற்படைச் சிப்பாய்களுக்கு 7 மாதம். விமானப்படைக்கு முதலில் 4 மாதம், பிறகு 6. ஆனால் தரைப்படையின் ரிசர்வ் பிரிவிலிருந்து வந்த மருத்துவர், பல் மருத்துவர், மயக்க மருந்து கொடுக்கும் நர்ஸ் ஆகிய மூவருக்கு மட்டும் களத்தில் 90 நாள்தான். ஆக, ஒரே அறுவை மேசையின் இரு பக்கமும் நிற்கும் இருவரில் ஒருவர் மூன்று மாதத்தில் வீடு திரும்புவார். மற்றவர் அடுத்த வருடம்தான்.

இந்த 90 நாள் எங்கிருந்து வந்தது? காயம்பட்டவருக்கு எது நல்லது என்று பார்த்து வைத்த கணக்கு அல்ல அது. 1990-91 வளைகுடாப் போருக்கு அழைக்கப்பட்ட ரிசர்வ் மருத்துவர்கள் பலர் ஊர் திரும்பியபோது, அவர்களுடைய சொந்த கிளினிக்குகளில் நோயாளிகள் இல்லை. கடன் தவணை, வாடகை, ஊழியர் சம்பளம் எல்லாம் நின்றிருந்தன. இப்படி நடந்தால் இனி யார் ரிசர்வில் சேருவார் என்ற பயத்தில் பிறந்ததுதான் இந்த விதி. மருத்துவர் வெளியே போய்ப் பிழைக்க முடியும் என்பதால் இராணுவம் அவரிடம் பேரம் பேச வேண்டியிருந்தது.

பேரத்துக்கு விலை உண்டு. களத்தில் 90 நாள் என்றால், பயிற்சியும் பயணமும் சேர்த்துச் சுமார் 120 நாள் அவரை அழைக்க வேண்டும். ஓர் இடத்தை ஒரு வருடம் நிரப்ப நான்கு மருத்துவர்கள் தேவை. நான்கு முறையும் சேர்த்து 120 நாட்கள் களத்துக்கு வெளியே கழிகின்றன. இதைவிடப் பெரிய இழப்பு அனுபவம். சாலையோரக் குண்டு கிழித்த உடலை ஊர் மருத்துவமனையில் பார்த்திருக்க முடியாது. இரத்தப்போக்கை மட்டும் நிறுத்தி, வயிற்றை முழுதாகத் தைக்காமல் ஜெர்மனியின் லாண்ட்ஸ்டூல் மருத்துவமனைக்கு விமானத்தில் அனுப்பிவைக்கும் முறை வேறு. அதற்குக் கை பழகி வரும்போது புறப்படும் நாள் வந்துவிடுகிறது.

நீண்ட காலம் வைத்திருப்பதும் தீர்வில்லை. முழுநேர இராணுவ மருத்துவர்களை அவர்களுடைய மருத்துவமனைகளிலிருந்து எடுத்துப் படைப்பிரிவுகளில் பொருத்தும் ஏற்பாடு அமெரிக்காவில் உண்டு. அதன்படி குழந்தை மருத்துவர் ஒருவர் பட்டாலியனின் மருத்துவராகிச் சளி, முதுகுவலி, கொப்புளம் பார்த்துக்கொண்டிருப்பார். அமைதியான முகாமில் மாட்டிய அறுவை நிபுணர் மாதக்கணக்கில் கத்தியைத் தொடாமல் இருப்பார். ஒரு வருடம் கழித்துத் திரும்பும்போது கை மங்கியிருக்கும். அதன் பலனை அனுபவிப்பது உள்ளூர் நோயாளி. ஒப்பந்தம் முடிந்ததும் வெளியேறும் மருத்துவரும் உண்டு. இதைப் பார்த்துத்தான் பின்னாளில் முழுநேர மருத்துவர்களில் குறிப்பிட்ட துறையினருக்குத் தரைப்படை சுமார் 180 நாள் சுற்றைக் கொண்டுவந்தது. நம் பார்வையில் ஆறு மாதம் ஓரளவு நியாயமான நடுவழி: பழகவும் நேரம் இருக்கிறது, மறக்கவும் நேரம் இல்லை.

ஆனால் சலுகை எங்கே நின்றது என்று பாருங்கள். ரிசர்வின் 90 நாள் விதி மற்ற நர்ஸ்களைத் தொடவில்லை. குண்டு விழும் இடத்திலேயே முதல் கட்டு கட்டும் 'மெடிக்' எனப்படும் படை உதவியாளர்களுக்கு, அவர்களில் பலர் இருபது வயது இளைஞர்கள், சலுகை எதுவும் இல்லை. படைப்பிரிவு 15 மாதம் என்றால் அவர்களுக்கும் 15 மாதம். அவர்களுடைய திறமைக்கு வெளியே மருத்துவருக்குக் கிடைக்கும் சம்பளம் இல்லை, அதனால் பேரமும் இல்லை. நீண்ட, திரும்பத் திரும்ப வரும் களப்பணி என்ன செய்யும் என்பது இராணுவத்துக்குத் தெரியாததல்ல. அதன் மனநல ஆய்வுக் குழு 2008-இல் வெளியிட்ட அறிக்கையில், இராக்கில் முதல் முறை பணியாற்றிய சார்ஜன்ட் நிலையினரில் சுமார் 12 சதவீதம் பேருக்கு மனநலப் பிரச்சினை இருந்தது. மூன்றாவது, நான்காவது முறை வந்தவர்களில் அது 27 சதவீதம்.

இந்தக் கணக்குகளில் எங்குமே வராத மருத்துவர்கள் அதே நகரத்தில் இருந்தார்கள். இராக்கியர்கள். அவர்களுக்குச் சுற்றுமுறை இல்லை, மாற்று ஆள் இல்லை, திரும்பிப் போக வேறு ஊரும் இல்லை. 2003-க்கு முன் பதிவு செய்திருந்த 34,000 மருத்துவர்களில் சுமார் 20,000 பேர் நாட்டைவிட்டு வெளியேறினர், சுமார் 2,000 பேர் கொல்லப்பட்டனர் என்பது அமெரிக்காவின் ப்ரூக்கிங்ஸ் நிறுவனம் அந்த ஆண்டுகளில் தொகுத்து வெளியிட்ட மதிப்பீடு. அமெரிக்க மருத்துவருக்கு 90 நாளா 180 நாளா என்று வாஷிங்டனில் வாதம் நடந்துகொண்டிருந்த அதே காலத்தில், 2008-இல், இராக் அரசு தன் மருத்துவர்களைத் தக்கவைக்க ஒரு சலுகை அறிவித்தது: அவர்கள் தற்காப்புக்குத் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம்.