முதலில் கேட்க வேண்டியது மணிக்கணக்கு

“கல்யாணம் ஆயிடுச்சா? வீட்டுக்காரர் எங்கே?” ஆணுறை கிழிந்துவிட்டதென்று தயங்கித் தயங்கிச் சொன்ன பெண்ணிடம் ஓர் அரசு மருத்துவமனைச் செவிலியர் கேட்டவை இவை. ‘எவ்வளவு நேரம் ஆச்சு?’ என்ற கேள்வி கடைசிவரை வரவே இல்லை. “கருவைக் கலைக்கிற மாத்திரையெல்லாம் இங்கே தர மாட்டோம்” என்ற பதில் மட்டும் வரிசை முழுவதற்கும் கேட்டது. ஓ.பி. சீட்டை நான்காக மடித்துக் கைக்குள் பொத்திக்கொண்டு அந்தப் பெண் வெளியேறினார்.

அந்தப் பதில் பச்சைத் தவறு. அவர் கேட்டு வந்த அவசரக் கருத்தடை மாத்திரை, லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், கருமுட்டை வெளிவருவதைத் தடுக்கும், அல்லது தள்ளிப்போடும். தங்கிவிட்ட கருவை அது ஒன்றும் செய்யாது. கலைப்புக்குத் தருவது மிஃபெப்ரிஸ்டோனும் மிசோப்ரோஸ்டாலும். மருந்தும் வேறு, அதற்கான சட்டமும் வேறு. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் இரண்டையும் குழப்பிக்கொண்டால் பொறுத்துக்கொள்ளலாம். மருந்து கொடுக்கும் கை குழப்பிக்கொண்டால் பொறுக்க முடியாது.

அவசரக் கருத்தடை மாத்திரையை உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும்; தாமதிக்கத் தாமதிக்கப் பலன் குறையும். 2005 முதல் மருத்துவர் சீட்டு இல்லாமலே வாங்கலாம். ஆனால் தமிழ்நாட்டு மருந்துக் கடைகள் பலவற்றில் கேட்டால் உதட்டைப் பிதுக்குகிறார்கள். (தடை உத்தரவு எதுவும் கிடையாது, சரக்கும் கிடையாது!) கடை கைவிரித்த பிறகுதான் அந்தப் பெண் மருத்துவமனைக்கு வருகிறார். அங்கே நடக்கும் ஒழுக்க விசாரணை அவருடைய நேரத்தைத் தின்கிறது. ஐந்து நாளுக்குள் காப்பர்-டி பொருத்தினால் மாத்திரையைவிட உறுதியான பாதுகாப்பு உண்டு என்பதையாவது யாராவது சொன்னார்களா?

பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கு அவசரக் கருத்தடை தர வேண்டும் என்கிறது மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014ஆம் ஆண்டு வழிகாட்டுநெறி. நடந்ததை வாய்விட்டுச் சொல்ல முடியாமல் நிற்கும் அப்படியொரு பெண்ணையும் இதே கேள்விகள்தான் வாசலில் மறிக்கும்.

பழியை ஒரு செவிலியர் தலையில் கட்டிவிட்டு நழுவ சுகாதாரத் துறைக்கு உரிமையில்லை. பாடத்தில் ஒரு பத்தியைப் படித்துத் தேர்வு எழுதியவரிடம், பணியில் சேர்ந்தபின் அதைப் பற்றி யார் பேசினார்கள்? பிரசவ வார்டு, வெளிநோயாளர் பிரிவு, ஆரம்ப சுகாதார நிலையம் என எல்லா இடங்களிலும் உள்ள செவிலியருக்கும் உடனே மறுபயிற்சி கொடுங்கள். மாத்திரை இருப்பை வாரந்தோறும் சரிபாருங்கள். திருமணச் சான்றோ கணவரின் சம்மதமோ கேட்கக் கூடாதென்று எழுத்துபூர்வமாக ஆணையிடுங்கள். அந்த ஆணையை வரிசையில் நிற்பவர் கண்ணில் படும்படி ஒட்டுங்கள்.