பொய்க்கரியும் மெய்த்தீயும்

சென்ற மார்கழியில் ஒருநாள் இரவு, இலண்டன் மாநகரிலே உயர்கல்வி கற்கும் என் மருமகன் தொலைபேசியில் அழைத்தான். அவன் குடியிருக்கும் பழைய வாடகை வீட்டின் கூடத்திலே குளிர்காயும் அடுப்பொன்று உண்டாம். அதிலே கரிக்கட்டிகள் செக்கச்செவேலெனக் கனல்கின்றனவாம். "மாமா, மூன்று மாதமாய் எரிகிறது, ஒரு பிடி சாம்பல் இல்லை!" என்று வியந்தான். வியப்பதற்கு ஏதுமில்லை. அவை கரியே அல்ல. தீயைத் தாங்கும் பீங்கான் வகையால் கரிபோற் செய்தவை. அடியிலே எரிவது எரிவாயு. நிலக்கரி எரித்த காலத்து அழகை விட மனமில்லாத ஆங்கிலேயர் செய்துகொண்ட விளையாட்டுப் பொருள் அது என்றால், அவர்கள் கோபிக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன். அதன் வெப்பத்திற் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வானத்துக்குப் போய்விடுகிறது. கண்ணுக்குக் கிடைப்பதே மிகுதி.

பேச்சு முடியுந் தறுவாயில் அவன் சொன்ன மற்றொன்றுதான் என்னை நிமிர்ந்து உட்காரச் செய்தது. மாலைதோறும் தலை இடிக்கிறதாம். வெளியே உலாவினால் நீங்கிவிடுகிறதாம். உடனுறையும் நண்பனுக்கும் அப்படியேயாம். "அடுப்பை இப்பொழுதே அணை. சன்னல்களைத் திறந்துவிட்டு இருவரும் வெளியே போங்கள். அங்கிருந்தே எரிவாயு அவசரப் பிரிவுக்குச் சொல்லுங்கள், வைத்தியரையும் பாருங்கள்" என்றேன்.

போதிய ஒட்சிசன் இல்லாமல் எரியும் தீயிலிருந்து காபனோரொட்சைட்டு பிறக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினை அது ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாகப் பற்றிக்கொள்ளும். பிரெஞ்சு நாவலாசிரியர் எமிலி சோலா 1902 செப்டெம்பரில் பாரிஸ் நகரத்துத் தம் வீட்டில் உயிர்துறந்தது இவ்வாயுவினாலேயே. படுக்கையறை அடுப்பின் புகைபோக்கி அடைபட்டிருந்தது. அதே அறையிற் கிடந்த மனைவியார் உயிர்தப்பினார்.

மறுநாள் மருமகனின் வீட்டுக்கு வந்த பதிவுபெற்ற தொழில்வல்லுநர் இரண்டு குற்றங்களைக் கண்டார். புகைபோக்கியிலே பறவைக்கூடு, அடுப்பிலே குலைந்துகிடந்த கரிக்கட்டிகள். துப்புரவு செய்த நண்பன் அவற்றைத் தன் மனம்போல் அடுக்கியிருக்கிறான். செய்தவர்கள் தந்த படத்தின்படி ஒவ்வொரு கட்டியும் தன் இடத்திலேயே இருத்தல் வேண்டும். இடம் மாறினால் சுடர் அதில் மோதி அரைகுறையாய் எரியும், கரி படியும். வாடகை வீட்டு எரிவாயுக் கருவிகளை ஆண்டுக்கொருமுறை சோதிப்பிப்பது வீட்டுக்காரரின் கடமை என்று 1998ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் அங்கே கூறுகின்றன. அந்தச் சான்றிதழைக் கேட்டுப் பார்க்க என் மருமகனுக்கு அதுவரை தோன்றவில்லை.

வீரமுனையிலே நமக்கு ஏன் இந்தக் கதை என்று வாசகர் கேட்கலாம். வயற்காற்று வீசும் நம் ஊரிலே குளிர்காய அடுப்பு வேண்டியதில்லைதான். ஆனால் அடுக்களையிலே எரிவாயு இருக்கிறதே!

2021ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையெங்கும் சமையல் எரிவாயு வெடிப்புகளும் தீப்பற்றல்களும் அடுத்தடுத்து நிகழ்ந்தன, உயிர்களும் போயின. சனாதிபதி நியமித்த குழு, வாயுக்கலவையை மாற்றியதையே முதன்மைக் காரணமாகக் கண்டது. மாணவர்களுக்கு இது நல்ல பாடம். பியூற்றேன் கொதிப்பது ஏறக்குறையச் சுழியப் பாகையில். புரொப்பேன் கொதிப்பதோ சுழியத்துக்குக் கீழே 42 பாகையில். ஆதலால் புரொப்பேனின் பங்கு கூடினால் சிலிண்டருக்குள் அமுக்கமும் கூடும். பழைய அமுக்கத்தைத் தாங்கி வந்த தேய்ந்த குழாயும் தளர்ந்த பூட்டும் புதியதைத் தாங்குமா?

நம் பக்கத்துக்கென்று இரண்டு தொல்லைகள் வேறு உண்டு. உப்புக்காற்று றெகுலேற்றரையும் குழாயின் கவ்விகளையும் துருவேற்றுகிறது. அறுவடை முடிந்ததும் வீட்டுக்குள் வரும் எலி இறப்பர்க் குழாயைக் கடிக்கிறது. சவர்க்கார நீரைப் பூசிப் பாருங்கள். கசிவிருந்தால் குமிழி எழும். தீக்குச்சி கிழித்துச் சோதிப்போரும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி என்ன சொல்ல! சுடரையும் கவனிக்க வேண்டும். இலண்டன் அடுப்பிலே மஞ்சட்சுடர் அழகுக்காக வேண்டுமென்றே அமைக்கப்பட்டது. நம் அடுப்பிலோ நீலச்சுடரே நலம். மஞ்சளாகிச் சட்டியடி கறுத்தால் சுடர்வாயின் துளைகள் அடைபட்டிருக்கின்றன என்று பொருள்.

இவ்வாயு காற்றைவிடப் பாரமானது. ஆகையால் மேலே போகாது. தண்ணீர்போல் தரையிலே படியும். அடுக்களைக்கு அடுத்த அறையிலே சாமிவிளக்கு ஏற்றும் வீடுகள் நம்மிடம் பல. எங்கள் வீடும் அப்படியே. வாயுவுக்கு இயற்கையில் மணமில்லாததால் மேக்கப்டன் என்னும் நாற்றப் பொருளைச் சேர்க்கிறார்கள். 1937ஆம் ஆண்டு அமெரிக்காவின் ரெக்ஸஸ் மாநிலத்திலே, நியூ இலண்டன் என்னும் ஊர்ப் பாடசாலையில், மணமற்ற வாயு கசிந்து வெடித்து ஏறக்குறைய 300 மாணவரும் ஆசிரியரும் மாண்டனர். அதன்பின்னரே நாற்றஞ் சேர்ப்பது அங்கே சட்டமாயிற்று. ஒவ்வொரு நாளும் வகுப்பறைக்குள் நுழையும் எனக்கு அந்த எண்ணிக்கையை எழுதவே கை கூசுகிறது.

மூக்கு வேலை செய்யாதவருக்கு அந்த நாற்றமும் பயன்படாது. என் தாயாருக்கு முதுமையினால் மணமறியும் புலன் மங்கிவிட்டது. ஒருநாள் பிற்பகல் பாலை அடுப்பில் வைத்துவிட்டு முற்றத்திலே பக்கத்து வீட்டாரோடு பேசிக்கொண்டிருந்தார். பால் பொங்கிச் சுடரை அணைத்தது; வாயு மட்டும் வந்துகொண்டேயிருந்தது. பாடசாலை விட்டு வந்த என் மகள் வாசலிலேயே "வெடில் அடிக்குதே, அப்பம்மா!" என்றிருக்கிறாள். மின்விசிறியைப் போட ஓடியவரைக் கையைப் பிடித்து நிறுத்தி, சுவிச்சு எதையும் தொடாமல், றெகுலேற்றரை மூடி, முன்கதவையும் பின்கதவையும் அகலத் திறந்து, பாட்டியை முற்றத்துக்கு அழைத்து வந்தாளாம். சுவிச்சின் சிறு பொறியே போதும் என்பதை எங்கே கற்றாள் என்று கேட்டேன். நீங்கள்தானே சொன்னீர்கள் என்றாள். எனக்கு நினைவில்லை.

அன்று மாலை சாமிவிளக்கு ஏற்றச் சற்றுத் தாமதமாயிற்று. 2022ஆம் ஆண்டு எரிவாயுத் தட்டுப்பாட்டின்போது வளவிலே மண்ணால் ஓர் அடுப்புக் கட்டியிருந்தோம். அம்மா இப்பொழுது பால் காய்ச்சுவது அதிலேதான்.