கறுப்புத் துணியின் கணக்கு யார் தலையில்?

பருத்தித் துணிக்கு ஏற்றும் சாயங்களில் மிக மலிவானவற்றுள் ஒன்று கந்தகச் சாயம். ஆலைத் தொழிலாளர்கள் இதைச் சல்பர் சாயம் என்பார்கள். கறுப்பு, பழுப்பு, பாசிப்பச்சை, கருநீலம் போன்ற அழுத்தமான நிறங்களுக்கு இது கை கொடுக்கிறது. துவைத்தால் லேசில் போகாது. உழைக்கும் மக்கள் வாங்கக்கூடிய விலையில் உழைக்கக்கூடிய துணி கிடைப்பதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த மலிவு எங்கிருந்து வருகிறது என்று கேட்பது நம் கடமை.

முதலாளியின் பேரேட்டில் ஏறாத ஒரு செலவு இதில் இருக்கிறது. சாயத் தொட்டியருகே நிற்கும் தொழிலாளி அதைத் தன் மூச்சால் கட்டுகிறான். ஆற்றின் கீழ்மடையில் இருக்கும் விவசாயி தன் நிலத்தால் கட்டுகிறான். இதுதான் நாம் இன்று எடுத்துப் பேச விரும்பும் விஷயம்.

இந்தச் சாயம் நேற்று வந்ததல்ல. 1873இல் பிரான்ஸ் தேசத்தில் இருவர் மரத்தூள், தவிடு போன்றவற்றைக் கந்தகப் பொருள்களுடன் சேர்த்துக் காய்ச்சி முதல் கந்தகச் சாயத்தை உண்டாக்கினார்கள். 1893இல் விடால் என்ற பிரெஞ்சுக்காரர் கந்தகக் கறுப்பைச் செய்தார். அதன்பின் உலகெங்கும் பருத்தி ஆலைகளில் அது பரவியது.

சாயம் ஏற்றும் முறையைத் தெரிந்துகொண்டால் ஆபத்து எங்கே இருக்கிறது என்பதும் விளங்கும். கந்தகச் சாயம் வெறும் தண்ணீரில் கரையாது. சோடியம் சல்பைடு சேர்த்துச் சூடேற்றினால்தான் கரைந்து நூலுக்குள் புகும். நன்றாக ஏறுவதற்கு உப்பும் போடுகிறார்கள். பிறகு காற்றிலோ வேறு மருந்திலோ காட்டினால், சாயம் மறுபடியும் கரையாத பொருளாகி நூலுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. துணியில் ஏறாத சாயமும், மிஞ்சிய சல்பைடும், உப்பும் சாக்கடைக்குப் போகின்றன.

சோடியம் சல்பைடு, காரத்தண்ணீரில் இருக்கும்வரை அடங்கிக் கிடக்கும். அதில் அமிலம் பட்டுவிட்டால் ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு கிளம்பும். சாயத் தொட்டியின் கழிவும், அமிலம் கலந்த வேறு கழிவும் ஒரே வாய்க்காலில் சந்தித்தால் போதும். கழிவைச் சமன்படுத்துகிறேன் என்று தொட்டியில் அமிலத்தைக் கொட்டினாலும் போதும். கொஞ்சமாக இருக்கும்போது இந்த வாயு அழுகிய முட்டைபோல் நாறும். கண் எரியும், தலை வலிக்கும். அதிகமாகிவிட்டால் மூக்கின் உணர்வே மரத்துப் போகும். நாற்றம் நின்றுவிட்டது, ஆபத்து நீங்கியது என்று தொழிலாளி நினைப்பான். உண்மையில் அப்போதுதான் எமன் பக்கத்தில் நிற்கிறான். காற்றைவிடக் கனமான வாயு இது; குழியின் அடியில் போய்த் தங்கும். உள்ளே விழுந்தவனைத் தூக்க இறங்கும் தோழனும் சேர்ந்து மடிவது இதனால்தான்.

2025 மே மாதம் பல்லடம் அருகே கரைப்புதூரில், ஒரு சாய ஆலையின் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய தொழிலாளர்கள் மூச்சுத் திணறி மாண்டார்கள். அது கழிவறைக் கழிவு சேரும் தொட்டி. தேங்கி அழுகும் கழிவிலும் இதே வாயு பிறக்கும். சாயக் குழியானாலும் மலக்குழியானாலும், அதில் இறக்கப்படுபவன் ஏழைத் தொழிலாளி. பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் பிறந்தவன்.

சட்டம் இல்லையா? இருந்தது. 1948ஆம் ஆண்டு பாக்டரிச் சட்டத்தின் 36ஆம் பிரிவு, விஷவாயு இருக்கக்கூடிய தொட்டிக்குள் ஆளை இறக்கக் கூடாது என்றது. உள்ளே வாயு இல்லை என்று தகுதியுள்ளவர் சோதித்து எழுத்தில் சான்று தர வேண்டும். இல்லையேல் சுவாசக் கருவி போட்டு, இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும் என்றது. தொழிலாளர் சட்டங்களைத் தொகுப்புகளாக்கி 2020இல் நாடாளுமன்றம் புதுச் சட்டம் செய்தது. சட்டத்தின் பெயர் மாறலாம்; கயிறும் கருவியும் சோதனையும் மாறக் கூடாது. ஏட்டில் இருக்கும் விதி எத்தனை பட்டறைகளின் வாசற்படி ஏறியிருக்கிறது என்பதே கேள்வி. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளிக்குப் பீப்பாயில் ஒட்டிய எச்சரிக்கையை அவன் மொழியில் யார் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

இனி ஆற்றங்கரைக்கு வருவோம். நொய்யலின் கதை கொங்கு நாட்டு விவசாயிக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாசனத்துக்கென்று 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையாயிற்று. தண்ணீரைத் திறந்து விடு என்று கேட்க வேண்டிய விவசாயி, திறக்காதே என்று மன்றாடும் காலம் வந்தது. எல்லா வகைச் சாயங்களோடும் சேர்ந்து வந்த உப்புதான் அந்த மண்ணைக் கெடுத்தது. கந்தகச் சாயம் மட்டும் செய்த வேலை அல்ல. ஆனால் சல்பைடு கலந்த கழிவு, தண்ணீரில் இருக்கும் பிராணவாயுவையும் உறிஞ்சி மீனையும் கொல்லும்.

2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவு ஒரு சொட்டும் வெளியேறாது என்ற நிலை வந்தபின் திறக்கலாம் என்றது. அப்போது கூலி இழந்து நின்றவர்கள் தொழிலாளர்கள். "விவசாயி வழக்குப் போட்டான், உன் வேலை போயிற்று" என்று சிலர் காதில் ஓதினார்கள். இது பிரித்தாளும் பேச்சு. ஆற்றைக் கெடுத்தது தொழிலாளி அல்ல. ஆலையை மூட வைத்தது விவசாயியும் அல்ல. சுத்திகரிப்புச் செலவை மிச்சம் பிடித்தவர்களே இரண்டுக்கும் பொறுப்பு. நிலம் பட்டுப்போனதால் கூலிவேலை இழந்தவன்தான் பல வீடுகளில் சாயப்பட்டறைக்குப் போனவன். இருவரும் ஒரே குடும்பம்.

வேறு வழியில்லை, செலவு தாங்காது என்பது முதலாளிகளின் பல்லவி. வழி உண்டு. பம்பாய் செஞ்சுரி ஆலையில், சென்ற நூற்றாண்டு முடியுமுன்பே, 100 பங்கு சோடியம் சல்பைடுக்குப் பதிலாக 65 பங்கு ஹைட்ராலும் 25 பங்கு காஸ்டிக் சோடாவும் போட்டுக் கந்தகக் கறுப்பை ஏற்றிக் காட்டினார்கள். ஹைட்ரால் என்பது மக்காச்சோள மாவுத் தொழிலில் மிஞ்சும் சர்க்கரைப் பாகு. குளுகோஸும் அதே வேலையைச் செய்யும். சல்பைடு குறைவாக உள்ள சாயங்களும் சந்தையில் கிடைக்கின்றன. தோலைப் புண்ணாக்கி, புற்றுநோய்க்கும் வழி செய்யும் டைக்ரோமேட்டுக்குப் பதிலாக ஹைட்ரஜன் பெராக்சைடு இருக்கிறது. விஞ்ஞானம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. லாப ஆசைதான் உள்ளே விட மறுக்கிறது.

எனவே நாம் கோருவது இவைதான்:

ஒன்று, சோதனையும் சுவாசக் கருவியும் கயிறும் இல்லாமல் எந்தத் தொட்டியிலும் ஒருவரையும் இறக்கக் கூடாது.

இரண்டு, சல்பைடுக் கழிவும் அமிலக் கழிவும் தனித்தனி வாய்க்காலில் போக வேண்டும். வாயுவை அளக்கும் கருவி ஒவ்வொரு பட்டறையிலும் இருக்க வேண்டும்.

மூன்று, சல்பைடையும் டைக்ரோமேட்டையும் கைவிட்டு மாற்று முறைக்குப் போக அரசு கெடு விதிக்க வேண்டும். சிறு பட்டறைகளுக்குக் கடனுதவி தர வேண்டும்.

நான்கு, கழிவால் ஆலை மூடப்பட்டால் அந்த நாட்களுக்குத் தொழிலாளிக்கு முழுக் கூலியும், கெட்ட நிலத்துக்கு விவசாயிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் நஷ்டஈடும் முதலாளியே கொடுக்க வேண்டும்.

சட்டம் தானாக நடந்து பட்டறைக்குள் வராது. பாதுகாப்பில்லாத குழியில் இறங்க மாட்டோம் என்று ஒருவன் தனியாகச் சொன்னால் மறுநாள் வேலை இருக்காது. பட்டறை முழுவதும் சேர்ந்து சொன்னால் முதலாளி கேட்டே தீர வேண்டும். ஆலைச் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் ஒரே மேடையில் நின்று இந்த நான்கையும் கேட்கட்டும். துணி கறுப்பாக இருக்கட்டும். ஆறும் தொழிலாளியின் நுரையீரலும் கறுக்க வேண்டியதில்லை.