ஒரே நாளில் டெல்லியா?

"ஒரே நாளில் டெல்லி முழுவதும்" என்று டிக்கெட் விற்பவர்களை தயவுசெய்து நம்பாதீர்கள். நானும் என் மனைவியும் நம்பிப் போய் ஏமாந்தோம்.

காலை எட்டு மணிக்கு பஸ்ஸில் ஏற்றினார்கள். இந்தியா கேட்டில் இருபது நிமிடம். ஹுமாயூன் சமாதியை ஜன்னல் வழியாகக் கைகாட்டியதோடு சரி. 1857-ல் கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா சஃபர் பிடிபட்ட இடம் அது. கைடு அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஆனால் சால்வைக் கடையில் மட்டும் ஒன்றரை மணி நேரம்! கமிஷன் எவ்வளவோ, அவர்களுக்கே வெளிச்சம். செங்கோட்டைக்குப் போனால் கதவு சாத்தியிருந்தது. அன்று திங்கட்கிழமை. திங்களன்று அங்கே விடுமுறை என்று தினமும் பஸ் விடுகிறவர்களுக்குத் தெரியாதா என்ன? பணத்தை மட்டும் முழுசாக வாங்கிக்கொண்டார்கள்.

காந்திஜி சுடப்பட்ட பிர்லா மாளிகையைப் பார்க்க வேண்டும் என்று மனைவி கேட்டாள். "லிஸ்டில் இல்லை மாதாஜி" என்றான் கைடு.

இரண்டு வருடம் கழித்து நாங்களாகவே போனோம். ஒரு நாளைக்கு ஒரே இடம். முட்டிவலிக்காரர்களுக்கு மெட்ரோவில் லிஃப்ட் இருக்கிறது. லோக் கல்யாண் மார்க் ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பிடித்தால் பிர்லா மாளிகை பக்கம்தான். 1948 ஜனவரி 30 அன்று அவர் கடைசியாக நடந்த வழியில் காலடித் தடங்களைப் பதித்திருக்கிறார்கள். அதை ஒட்டியே மனைவி மெதுவாக நடந்து வந்தாள். விசிலடித்து பஸ்ஸுக்குக் கூப்பிட யாரும் இல்லை.

அங்கேயும் திங்கட்கிழமை போய்விடாதீர்கள். மூடியிருக்கும்.