வெள்ளைக்காரன் காலத்து நிம்மதி: யாருக்கு நிம்மதி?



"வெள்ளைக்காரன் காலத்தில் நிம்மதியாக இருந்தோம்" என்ற பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். தேக்காவில் காப்பிக் கடையில் உட்கார்ந்தால் ஒரு பெரியவராவது இதைச் சொல்வார். சட்டம் இருந்தது, ஒழுங்கு இருந்தது, மாதம் பிறந்தால் சம்பளம் வந்தது, குடியிருக்க குவார்ட்டர்ஸ் இருந்தது என்பார். அந்தப் பெரியவரோடு எனக்குச் சண்டை இல்லை. உழைத்துப் பிள்ளைகளை வளர்த்தவர், தான் கண்டதைச் சொல்கிறார். ஆனால் இதே பேச்சைப் படித்தவர்கள் மேடையேறிப் பேசும்போது நாம் வாயை மூடிக்கொண்டு இருக்கலாமா?

வெள்ளைக்காரன் தன் ஆட்சிக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தான்: பாக்ஸ் பிரிட்டானிக்கா, பிரிட்டிஷ் அமைதி. அது ரோமாபுரியிடம் கடன் வாங்கிய பெயர். கி.மு. 27இல் அகஸ்டஸ் பேரரசன் ஆனதிலிருந்து கி.பி. 180 வரை, ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளை ரோம அமைதிக் காலம் என்பார்கள். சாலை போட்டார்கள், துறைமுகம் கட்டினார்கள், வணிகம் பெருகியது. அதில் நம் முன்னோருக்கும் பங்கு உண்டு. முசிறியில் மிளகு ஏறியது. அரிக்கமேட்டில் ரோமச் சாடிகளின் ஓடுகளும், கரூர் வட்டாரத்தில் ரோமக் காசுகளும் இன்றைக்கும் மண்ணுக்குள்ளிருந்து கிடைக்கின்றன. ரோமாபுரியின் பணமெல்லாம் இந்தியாவுக்குப் போகிறதே என்று பிளினி என்ற அறிஞர் புலம்பும் அளவுக்கு வியாபாரம் நடந்தது.

அந்தக் காசுக்கான வெள்ளியும் தங்கமும் எங்கிருந்து வந்தன? ஸ்பெயின் நாட்டுச் சுரங்கங்களிலிருந்து. அங்கே மண்ணுக்குள் இறங்கியவர்களில் பெரும்பகுதி அடிமைகள். "சட்டம் இருந்தது" என்கிறார்களே, ரோமிலும் சட்டம் இருந்தது. நான் சட்டம் படித்தவன், அதனால் இந்த வழக்கைச் சொல்கிறேன். கி.பி. 61இல் ரோம் நகரின் தலைமை அதிகாரி பெடானியஸ் செக்குண்டஸ் தன் வீட்டு அடிமை ஒருவனால் கொல்லப்பட்டார். எசமானை ஓர் அடிமை கொன்றால் அந்த வீட்டு அடிமைகள் எல்லாருக்கும் மரணம் என்பது அன்றைய சட்டம். அந்த வீட்டில் இருந்தவர்கள் நானூறு பேர், பெண்களும் குழந்தைகளும் உட்பட. ஊர் மக்களே பொறுக்காமல் தெருவில் இறங்கிக் கூச்சலிட்டார்கள். நீரோ மன்னன் வழி நெடுகப் படையை நிறுத்தி நானூறு பேரையும் கொன்று முடித்தான். சட்டப்படி எல்லாம் ஒழுங்காக நடந்தது!

சரி, சிங்கப்பூருக்கு வருவோம்.

1819இல் ராஃபிள்சோடு வந்தவர் நாராயண பிள்ளை. அவர் பெயர் நமக்குத் தெரியும். 2019இல் இருநூறாம் ஆண்டு நினைவின்போது ஆற்றங்கரையில் அவருக்குக்கூட ஒரு சிலை வைத்தார்கள். 1825இல் வந்தவர்களின் பெயர் யாருக்காவது தெரியுமா? அந்த ஏப்ரலில் பென்கூலனிலிருந்து மெட்ராஸ் கைதிகள் 80 பேர் கப்பலில் வந்து இறங்கினார்கள், அடுத்து வங்காளக் கைதிகள். 1873 வரை இந்தத் தீவு இந்தியக் கைதிகளைக் கொண்டுவந்து கொட்டும் இடம். காட்டை அழித்ததும், சதுப்பைத் தூர்த்ததும், சாலை போட்டதும் அவர்கள். இன்று அதிபர் மாளிகையாக இருக்கும் இஸ்தானாவைக் கட்டியதும் அவர்கள்தான். செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்துக்குள் போனால் சுவரைத் தொட்டுப் பாருங்கள். சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் எல்லாம் கலந்து அரைத்த மெட்ராஸ் சுண்ணாம்பு அது. காலில் விலங்கு பூண்டவனின் கைவேலை. திருமண வீட்டார் அந்தச் சுவர் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

1915இல் ஐந்தாம் இலகு காலாட்படையின் சிப்பாய்கள் கலகம் செய்தார்கள். அவர்கள் வட இந்திய முஸ்லிம்கள், தமிழர்கள் அல்லர். 47 பேரை ஊட்ரம் சிறைச்சாலைச் சுவரோரம், ஊரைக் கூட்டி வைத்துச் சுட்டார்கள். இதுவும் ஒழுங்குதான்.

தெருப்பெயர்களையும் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். நாம் காய்கறி வாங்கப் போகும் இடத்தில் கிளைவ் ஸ்திரீட், ஹேஸ்டிங்ஸ் ரோடு, டல்ஹௌசி லேன், கேம்பல் லேன். கொஞ்சம் தள்ளிப் போனால் ஊட்ரம் ரோடு, ஹேவ்லாக் ரோடு, நீல் ரோடு. 1857 எழுச்சியை ரத்தத்தில் முக்கிய தளபதிகளின் பெயர்கள் இவை. நீல் என்பவன் மெட்ராஸ் படையின் தளபதி, அலகாபாத்தில் ஊர் ஊராகத் தூக்கில் போட்டவன். மெட்ராஸ் மவுண்ட் ரோட்டில் அவனுக்குச் சிலை இருந்தது. 1927இல் தமிழர்கள் மறியல் செய்து சிறை சென்றார்கள், 1937இல் சிலை அருங்காட்சியகத்துக்குள் போனது. இங்கே அவன் பெயர் சொல்லித்தான் டாக்சிக்காரரை நிறுத்தச் சொல்கிறோம்.

இனி வீழ்ச்சி. 1938இல் செம்பவாங்கில் கடற்படைத் தளத்தைத் திறந்து, இது அசைக்க முடியாத கோட்டை என்றார்கள். நான்கே ஆண்டில், 1942 பிப்ரவரி 15இல் கோட்டை சரணடைந்தது. அந்த வீழ்ச்சிக்கு விலை கொடுத்தவர்களில் தோட்டத்துத் தமிழர்களும் உண்டு. சயாம் மரண ரயிலில் பல்லாயிரம் பேர் காட்டில் கிடந்து மடிந்தார்கள். காஞ்சனபுரியில் வெள்ளைக் கைதிகளுக்கு வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. நம் ஆட்களுக்கு அப்படி ஒரு வரிசை உண்டா?

ரோமும் இப்படித்தான் கைவிட்டது. கி.பி. 410 வாக்கில் ரோமப் படை பிரிட்டனை விட்டு வெளியேறியது, உள்ளூர்க்காரன் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அன்று கைவிடப்பட்ட நாட்டுக்காரனே 1968 ஜனவரியில் சிங்கப்பூரை விட்டுப் போகிறோம் என்றான். நாட்டு வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களை நம்பி இருந்தது. கப்பல் பட்டறை ஒரு வெள்ளிக்குக் கைமாறியது. அங்கே வேலை பார்த்த தமிழரும் மலையாளிகளும் கொடுத்த பணிக்கொடையை வாங்கிக்கொண்டு கப்பலேறினார்கள். குடியுரிமை எடுக்காதவருக்கு 1965ஆம் ஆண்டுச் சட்டப்படி வேலை அனுமதி வேண்டும். அது கிடைக்காதவருக்கு முப்பது வருடம் உழைத்த ஊர் ஒரே நாளில் அந்நிய ஊர். 1957இல் மக்கள்தொகையில் 9 விழுக்காடாக இருந்த இந்தியர்கள் 1980இல் 6.4 விழுக்காடு. எல்லாக் குறைவுக்கும் இது ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் செம்பவாங்கில் காலியான வீடுகளைப் பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

தமிழ் முரசு கோ. சாரங்கபாணி இதை முன்கூட்டியே கண்டார். ஐம்பதுகளிலேயே, குடியுரிமைக்குப் பதிந்துகொள்ளுங்கள் என்று தமிழர்களிடம் தொண்டை வற்றச் சொன்னார். ரோமப் பேரரசன் கரகல்லா கி.பி. 212இல் சுதந்திர மனிதர் எல்லாருக்கும் குடியுரிமை கொடுத்தான், வரி வசூலிக்கத்தான் கொடுத்தான் என்று அக்காலத்தவரே எழுதினார்கள். எதற்காகக் கொடுத்தால் என்ன? கையில் பிங்க் ஐசி இருந்த தமிழன் நின்றான், இல்லாதவன் போனான்.

இன்று நம்மில் பலர் பிங்க் ஐசி வைத்திருக்கிறோம், வீவக வீட்டில் இருக்கிறோம். நம் வீட்டைக் கட்டுகிற தமிழ்நாட்டுத் தம்பி லாரியின் பின்புறத்தில் உட்கார்ந்து வேலைக்குப் போகிறான். 2020 முடிவதற்குள் விடுதிகளில் இருந்த ஊழியர்களில் 47 விழுக்காட்டினருக்குக் கொரோனா தொற்றியிருந்தது. நாட்டில் அமைதி இருக்கிறது, செழிப்பு இருக்கிறது என்று நம் பேரப்பிள்ளைகளும் ஒருநாள் சொல்வார்கள். அந்த நானூறு பேர் பக்கத்திலிருந்து பார்த்துச் சொல்வார்களா, மாளிகைப் பக்கத்திலிருந்து பார்த்துச் சொல்வார்களா?

இப்போது உங்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். வீடு மாறும்போது பழைய டிரங்குப் பெட்டியை அப்படியே தூக்கிக் குப்பையில் போடாதீர்கள். தாத்தாவின் தள பாஸ், ரஜூலா கப்பல் டிக்கெட், பதிவுச் சான்றிதழ், பணிக்கொடைக் கடிதம் எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். பாட்டி இருந்தால் உட்கார்ந்து கேளுங்கள்: யார் பெயர், எந்த லயன், எந்த வருடம், யார் திரும்பிப் போனார்கள். பென்சிலால் பின்பக்கம் எழுதி வையுங்கள், பேனா மை ஊறிவிடும்.