வேடந்தாங்கலுக்குச் சைபீரியா எதற்கு?

ஐப்பசி பிறந்து ஏரிகளில் நீர் ஏறத் தொடங்கியதும் நம் நாளிதழ்களில் ஒரு செய்தி தவறாமல் முளைத்துவிடும். ஊர்ப்பெயர் மாறும், வாசகம் மாறாது. சைபீரியா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளிலிருந்து பல்லாயிரம் கிலோமீட்டர் கடந்து வெளிநாட்டுப் பறவைகள் வந்து குவிந்திருக்கின்றன. அவை இங்கே கூடு கட்டி, முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, குஞ்சுகளோடு தாயகம் திரும்பும். பொதுமக்கள் கண்டு களிக்கின்றனர். கூடவே ஒரு படம். படத்தில் நிற்பது பெரும்பாலும் மஞ்சள்மூக்கு நாரை. அந்த நாரையினம் ஆஸ்திரேலியாவில் இல்லை, சைபீரியாவிலும் இல்லை. இந்தியா, இலங்கை தொடங்கித் தென்கிழக்கு ஆசியா வரையிலான நிலமே அதன் உலகம்.

ஒரு நிருபரின் அவசரப் பிழை என்று இதைத் தள்ளிவிடலாம். ஆனால் ஒரே பிழை தலைமுறை கடந்து, பள்ளிக் கட்டுரையிலும் சுற்றுலாக் கையேட்டிலும் மேடைப் பேச்சிலும் கவிதையிலும் அச்சு மாறாமல் தொடருமானால், அதற்குப் பிழை என்ற பெயர் போதாது. அது ஒரு மனப்பாங்கு. அழகும் அரிதுமான எதுவும் வெளியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்ற மனப்பாங்கு. அதைத்தான் இங்கே மறுக்க விரும்புகிறேன்.

முதலில் செய்திகளைச் சரிபார்ப்போம்.

வேடந்தாங்கலில் நீர்க்கடம்பு மரங்கள்மேல் கூடு கட்டுபவை யாவை? மஞ்சள்மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், வக்கா, பாம்புத்தாரா, நீர்க்காகங்கள், கொக்கினங்கள். இவை அனைத்தும் இந்தியத் துணைக்கண்டத்தின் குடிகள். மழை பெய்து ஏரி நிரம்பிய இடத்தைத் தேடி மாவட்டம் விட்டு மாவட்டம், மாநிலம் விட்டு மாநிலம் நகர்பவை. அவற்றின் நாட்காட்டி வடகிழக்குப் பருவமழை. ஏரி நிரம்பினால் வரும், பொய்த்தால் வாரா. சைபீரியாவில் பனி கொட்டுகிறதா இல்லையா என்பதற்கும் வேடந்தாங்கலின் கூடுகளுக்கும் தொடர்பில்லை. மதகுக்கும் வரத்துக் கால்வாய்க்கும்தான் தொடர்பு.

மெய்யான நெடுந்தொலைவு வலசையரும் உண்டு. ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, கருவால் மூக்கன், பொரி உள்ளான், கொசு உள்ளான் போன்றவை வட ஆசியாவிலிருந்தும் அதற்கப்பாலிருந்தும் வருகின்றன. ஆனால் அவை இங்கே கூடு கட்டுவதில்லை, முட்டையிடுவதில்லை. இனப்பெருக்கத்தை வடக்கின் குறுகிய கோடையில் முடித்துக்கொண்டு, உண்டு உடல் தேற்றிக்கொள்ள இங்கே வருகின்றன. மரத்தில் கூடு கட்டும் நாரையும் நீர்ப்பரப்பில் மேயும் வாத்தும் இருவேறு வாழ்க்கைகள். வேடந்தாங்கலுக்கு அருகிலேயே உள்ள கரிக்கிலி ஏரிகளின் திறந்த நீரில் வாத்துகளைப் பார்த்துவிட்டு வேடந்தாங்கலின் மரங்களைப் பார்த்தால் ஒரே முற்பகலில் இந்த வேறுபாடு விளங்கிவிடும். சைபீரியாவிலிருந்து வந்து இங்கே குஞ்சு பொரித்துத் திரும்பும் பறவை என்பது நாளிதழ்க் காட்டில் மட்டும் வாழும் இனம்.

இனி அடுத்த கேள்வி. அந்த மெய்யான வலசையரையாவது வெளிநாட்டார் எனலாமா?

பொரி உள்ளான் ஆகஸ்டு, செப்டம்பரிலேயே நம் வயல் வரப்புக்கு வந்துவிடுகிறது. ஏப்ரல்வரை இங்கேயே திரிகிறது. வடக்கின் சதுப்புக் காடுகளில் அது தங்குவது இரண்டு மூன்று மாதங்களே. மிகுதி நாள்கள் வழிப்பயணம். ஆண்டில் ஏழெட்டு மாதம் தஞ்சை வயலில் உண்டு உறங்குகிறவனை நாம் எந்த இலக்கணப்படி விருந்தாளி என்கிறோம்? பிறந்த இடத்தைக் கொண்டா? அவ்வாறாயின் சென்னையில் வாழ்வோரில் பாதிப்பேர் விருந்தாளிகளே. வலசை என்ற நம் சொல்லே பறவைக்கு மட்டும் உரியதன்று. படைக்கு அஞ்சி ஊரைவிட்டு வெளியேறிய மக்களுக்கும் வழங்கிய சொல் அது. பறவைக்கும் மனிதனுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்த மொழி, குடியுரிமைச் சீட்டைக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை.

பருவத்தின் பெயரிலும் இதே கடன் புத்திதான். செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலான வரவை 'இலையுதிர்கால வலசை' என்று எழுதுகிறார்கள். நம் மரங்கள் அப்போது இலை உதிர்ப்பதில்லை, மழையில் தழைக்கின்றன. நம் முன்னோர் கார் என்றும் கூதிர் என்றும் பருவங்களுக்குப் பெயரிட்டிருக்கிறார்கள். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். வாடை வீசும் அந்த இரு மாதங்களில்தான் வலசையின் பெருவெள்ளம் தமிழகத்தில் இறங்குகிறது. சொல் கையிலிருக்க, வேறொருவர் தோட்டத்துச் சருகை நம் முற்றத்தில் கொட்டிக்கொள்வானேன்?

*

இதற்கு நேரெதிர் முகாம் ஒன்றும் இருக்கிறது. அவர்கள் பிழையாக எழுதுபவர்கள் அல்லர். பெயர், அலகு, சிறகு எல்லாம் துல்லியமாக அறிந்தவர்கள். ஆனால் அவர்களுக்கு வேண்டியது 'அரிய வரவு' மட்டுமே. வழிதவறி வந்த ஒற்றைப் பறவை ஒரு சதுப்பில் தென்பட்டதென்று செய்தி பரவினால், விடிவதற்குள் நூறு கேமராக்கள் அங்கே நிற்கும். பறவை ஓய்வெடுக்கவும் விடமாட்டார்கள். பட்டியலில் ஓர் எண் கூடியதும் கலைவார்கள். அதே சதுப்பில் ஆண்டுதோறும் வந்த உள்ளான்களின் தொகை குறைந்துகொண்டே வருவது அவர்கள் கண்ணில் படாது. பொரி உள்ளானைப் படம்பிடித்தால் யாரும் பாராட்டப் போவதில்லை அல்லவா?

அரிய பறவையைக் காண்பதை நான் பழிக்கவில்லை. அதைக் காணும் தகுதி எங்கிருந்து வருகிறது என்பதே என் கேள்வி. கரண்டிமூக்கு உள்ளான் உலகின் மிக அருகிய கரைப்பறவைகளுள் ஒன்று. உருசியாவின் வடகிழக்கு மூலையில் மட்டும் இனப்பெருக்கம் செய்வது. இன்று சில நூறே எஞ்சியிருப்பது. அது 1980களில் கொடியக்கரையில் பதிவாயிற்று. குளிர்காலத் தோற்றத்தில் அது ஏறத்தாழக் கொசு உள்ளானைப் போலவே இருக்கும். மூக்கின் நுனி மட்டும் கரண்டி. பல்லாயிரம் கொசு உள்ளான்களுக்கு நடுவே அந்த ஒன்றைப் பிரித்தறிய வேண்டுமென்றால், கொசு உள்ளானைச் சலிக்காமல் பார்த்தவராக இருக்க வேண்டும். கொடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் ஆண்டுக்கணக்கில் வலை விரித்து, பிடித்த பறவைகளுக்கு வளையமிட்டு, எண்ணிக் கணக்கெழுதினார்கள். அந்தச் சலிப்பூட்டும் உழைப்பின் ஓரத்தில்தான் அரியது கிடைக்கிறது. சாதாரணத்தை அறியாதவனுக்கு அரியதும் தெரியாது.

அந்தச் சாதாரணத்தின் நிலை என்ன? இந்தியப் பறவைகளின் நிலை குறித்த 2023ஆம் ஆண்டு அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்தது. நீண்டகாலப் போக்கைக் கணிக்கப் போதிய தரவிருந்த 338 இனங்களுள் 60 விழுக்காடு குறைந்துவந்திருக்கின்றன. நெடுந்தொலைவு வலசையரின் சரிவு உள்ளூர்ப் பறவைகளின் சரிவைவிடக் கூடுதல். இந்த அறிக்கைக்கு அடிப்படை பெரும்பாலும் தன்னார்வலர் இட்ட பதிவுகள். காக்கையையும் மைனாவையும் கூட விடாமல் குறித்துவைத்த ஆயிரக்கணக்கானோர் இல்லையென்றால் இச்சரிவு நமக்குத் தெரிந்தே இராது.

குறிப்பிடத்தக்க வரவு எது என்று என்னைக் கேட்டால் ஆறுமணிக்குருவியைச் சொல்வேன். தோட்டக்கள்ளன், பொன்னுத்தொட்டான் என்றும் பெயர்கள். இமயத்தின் அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் தென்மேற்குப் பருவத்தில் கூடு கட்டிவிட்டு, கூதிர் தொடங்கும்போது தெற்கே இறங்கித் தமிழகத்துக்கும் இலங்கைக்கும் வருகிறது. பறப்பது இரவில். களைத்துப்போய், விளக்கொளியில் திசை மயங்கி, ஏதேனும் ஒரு வீட்டின் கொல்லையிலோ மாடிப்படியிலோ வந்து விழும். பச்சை முதுகும் நீலத் தோளும் சிவந்த அடிவயிறும் கண்டு, யாரோ வளர்த்த வெளிநாட்டுக் கிளி தப்பி வந்துவிட்டதென்று கூண்டைத் தேடுவோம். காலையிலும் மாலையிலும் ஏறத்தாழ ஆறு மணிக்குக் குரல் கொடுப்பதைக் கவனித்து ஒரு சமூகம் பெயர் வைத்த பறவை அது. பெயர் வைத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது வெளிநாட்டுக் கிளி.

*

இலக்கியவாதிகளுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். நம்மவர்தாம் முதற்குற்றவாளிகள்.

சத்திமுத்தப் புலவரின் நாரைப் பாடலை நாம் வியந்து வியந்து மேற்கோள் காட்டுகிறோம். மதுரைக் குளிரில் உடுக்கத் துணியின்றி நடுங்கிய ஏழைப் புலவர், மனைவிக்குத் தூது விடுகிறார் என்ற உருக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். அவர் கண்டதைக் காண்பதில்லை. கால் என்ன நிறம் என்று சொல்கிறார். அலகு எப்படிப் பிளந்திருக்கும் என்பதற்குப் பனங்கிழங்கை உவமை தேடி வைக்கிறார். இணையாகப் பறப்பதைச் சொல்கிறார். தென்முனைவரை சென்று மீண்டும் வடக்கே திரும்பும் பறவை என்பதும், வழியில் ஊர்க்குளத்தில் இறங்கித் தங்கும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஐரோப்பாவிலும் நடு ஆசியாவிலும் கூடு கட்டி இந்தியாவுக்கு வலசை வரும் வெண்ணாரையே அது என்று கொள்ள நிரம்ப இடமுண்டு. இன்று அப்பறவைக்குச் செங்கால் நாரை என்றே பெயர் வழங்குகிறது. பசியிலும் அவர் கண் பிசகவில்லை.

பசி இல்லாத நம் கவிஞர்கள் என்ன செய்கிறார்கள்? 'பெயர் தெரியாத பறவை' ஒன்றை மின்கம்பியில் உட்கார வைக்கிறார்கள். அது வெறுமையைக் குறிக்கும், தனிமையைக் குறிக்கும், தன்னை மட்டும் குறிக்காது. தெரியாமையை ஓர் அழகியலாகவே நிறுவிவிட்டோம். தமிழில் சொல்லில்லை என்ற சாக்கும் செல்லாது. பெயர்கள் மேலே சொன்னவாறு கொட்டிக் கிடக்கின்றன. எழுதிக் காட்டிய முன்னோடியும் உண்டு. மா. கிருஷ்ணனின் கட்டுரைகள் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று நூலாகவே தொகுக்கப்பட்டிருக்கின்றன. படிக்கத்தான் ஆளில்லை.

*

'மக்கள் ஆர்வத்தோடு பறவையைப் பார்க்க வருகிறார்கள்; சைபீரியா என்றால் குழந்தைகளுக்கும் ஒரு கிளர்ச்சி. இதில் என்ன கெடுதல்?' என்பர் சிலர்.

கிளர்ச்சிதான் வேண்டுமென்றால் உண்மையே போதும். 2022 அக்டோபரில், பிறந்து ஐந்தே மாதமான மூக்கன் ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவரை 13,560 கிலோமீட்டரை 11 நாளில் எங்கும் இறங்காமல் பறந்து கடந்தது. மங்கோலியாவில் கழுத்துப்பட்டை இடப்பட்ட வரித்தலை வாத்துகளைத் தென்னிந்திய ஏரிகளில் கண்டிருக்கிறார்கள். இடையில் இருப்பது இமயம். இவற்றுக்குமேல் பொய் எதற்கு?

கெடுதல் வேறிடத்தில் இருக்கிறது. விருந்தாளி வராவிட்டால் அது விருந்தாளியின் விருப்பம், வீட்டுக்காரன்மேல் பழியில்லை. பறவையை வெளிநாட்டு விருந்தாளியாக்கியதும் நம் பொறுப்பு கழன்றுவிடுகிறது. இவ்வாண்டு வரத்துக் குறைவு என்றால் எங்கோ வானிலை மாறிவிட்டது என்கிறோம். வரத்துக் கால்வாயை மறித்தவரையும் சதுப்பில் குப்பை கொட்டியவரையும் யாரும் கேட்பதில்லை. பள்ளிக்கரணைச் சதுப்பு தன் பழைய பரப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது எந்தத் துருவத்து வானிலையால்?

வேடந்தாங்கலையே பாருங்கள். 1790களில், துப்பாக்கியோடு வந்து பறவைகளைச் சுட்ட சிப்பாய்களுக்கு எதிராக அவ்வூரார் செங்கற்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் பெற்றார்கள். அது விருந்தோம்பல் அன்று. பறவை எச்சம் கரைந்த ஏரிநீர் தங்கள் வயலுக்கு உரம் என்பதை அறிந்தவர்களின் உரிமைப் போராட்டம். தங்கள் ஏரி, தங்கள் வயல், தங்கள் பறவை என்று கருதியதால் கேட்டார்கள். 2020இலோ, சரணாலயத்தின் 5 கிலோமீட்டர் சுற்றளவை 3 கிலோமீட்டராகக் குறைக்கும் முன்மொழிவு மாநில வனத்துறையிலிருந்தே எழுந்தது, எதிர்ப்பும் கிளம்பியது. பறவைகள் மரத்தில் உறங்கினாலும் இரை தேடுவது சுற்றுவட்டாரத்து ஏரிகளிலும் வயல்களிலும்தான் என்று அறிந்த ஒருவர் அப்படி ஒரு கோட்டை வரைவாரா? ஏரி என்பது விருந்தினர் தங்கிப்போகும் சத்திரம் என்று எண்ணுபவருக்கே, கட்டில் போட்ட அறை போதும், சமையற்கட்டு வேண்டாம் என்று தோன்றும்.

மறுபக்கமும் நம்முன் இருக்கிறது. நாகாலாந்தின் தோயாங் நீர்த்தேக்கத்தருகே 2012இல் பல்லாயிரம் அமூர் வல்லூறுகள் வலையில் சிக்கிக் கொல்லப்பட்டன. மறு ஆண்டே அவ்வூரார் வலைகளைச் சுருட்டிவிட்டார்கள். 2013இல் செயற்கைக்கோள் கருவி பொருத்திய மூன்று பறவைகளுக்கு நாகா, வோக்கா, பங்தி என்று பெயர். பங்தி என்பது வலை விரித்த ஊர்களுள் ஒன்று. கிழக்காசியாவில் பிறந்து தென்னாப்பிரிக்காவுக்குப் போகிற பறவை, வழியில் சில வாரம் தங்கும் ஊரின் பெயரைச் சுமந்து அரபிக்கடலைக் கடந்தது. நம் வரப்பில் ஏழெட்டு மாதம் வாழும் உள்ளானுக்கு நாம் ஓர் ஊர்ப்பெயரும் தரவேண்டியதில்லை. வெளிநாட்டான் என்று சொல்லாதிருந்தால் போதும்.

அடுத்த கூதிரில் அந்தச் செய்தி மறுபடி வரும். படத்தைப் பார்த்து, பறவையின் பெயரென்ன, அது எங்கே கூடு கட்டுகிறது என்ற இரண்டு கேள்விகளை மட்டும் எழுதி அந்த நாளிதழுக்கு அனுப்புங்கள். நூறு பேர் அனுப்பினால் அதற்கடுத்த கூதிரில் சைபீரியா காணாமற்போகும். ஏரி நம்முடையது என்பது அப்போது தெரியத் தொடங்கும்.